சித்தப்பாவோடு மைசூருக்கு

சித்தப்பா போர்டு எழுதுகிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டைச் சுற்றியும், வீலர் ரோட்டிலும், ஜீவனஹள்ளிப் பக்கமும் தொங்கிய கடைப் பலகைகளில் நிறைய அவர் கை பட்டவை. தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் அவருக்குப் படிக்கவே தெரியும். உருது மட்டும் படிக்க வராது. மாஸ்க் ரோட்டிலிருந்து யாராவது காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, எழுதியவரே வியக்கும்படி பலகையில் ஏற்றிவிடுவார். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு ஆணிக்கு நடுவில் இழுத்துப் பிடிப்பது என் வேலை. அவர் நடுவில் விரலால் தூக்கி விடுவார். டப்பென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்தான் எங்கள் ஏரியாவே பெயர் எழுதிக்கொண்டது.

கோடை லீவு விட்டதும் அவர் என்னை மைசூருக்குக் கூட்டிப் போவார். மலை ஏறிச் சாமுண்டியைக் கும்பிட இல்லை, பிருந்தாவனத்தில் கலர் தண்ணீர் பார்க்க இல்லை. படம் பார்க்க, சாப்பிட. இந்த இரண்டுக்காக மட்டும் ஒரு ஊருக்குப் போவது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாத காரியம். ஆயா ஒவ்வொரு தடவையும் கேட்கும்: “இங்க சோறு இல்லையா? காலண்டர்ல படம் இல்லையா? குழந்தைய எதுக்குடா வெயில்ல இழுத்துனு போற?” சித்தப்பா பதில் சொல்லமாட்டார். என் தலையை அவரே வாரி, ரிப்பன் கட்டி, விடியுமுன் கிளப்பிவிடுவார்.

ஈஸ்ட் ஸ்டேஷன் எங்களுக்கு நடை தூரம்தான். ஆனால் மைசூருக்கு மீட்டர் கேஜ் வண்டி. சிட்டி ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும். சிவாஜிநகர் போய், அங்கே பஸ் மாறி, ஓடிப்போய் ஏறுவோம். பெட்டிகள் குறுகல். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தால் கெங்கேரி தாண்டியதும் காற்று மாறுவது தெரியும். ராமநகரத்தில் பாறைகள் வரும். ‘ஷோலே’ அங்கேதான் எடுத்தார்கள் என்று பெட்டியில் எப்போதும் ஒருவர் சொல்வார். சித்தப்பா அதைக் காதில் வாங்காமல் பாறையின் நிழலைக் காட்டுவார். “நிழல் கறுப்பா இருக்குன்னு நெனைக்காத பாப்பா. நல்லாப் பாரு. ஊதா.” நான் பார்ப்பேன். ஊதாவாகத்தான் இருக்கும்.

மத்தூர் வந்தால் வடை. கூடையோடு வண்டிக்குள் ஏறிவிடுவார்கள். மத்தூர் வடைக்கு உளுந்தும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. ரவை, அரிசி மாவு, மைதா, வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் பிசைந்து தட்டையாகத் தட்டிப் பொரித்தது. 1917-இல் அந்த ஸ்டேஷனில் பலகாரம் விற்ற ராமச்சந்திர புத்யா என்பவர், வண்டி முன்னதாகவே வந்துவிட்ட ஒரு நாளில், பக்கோடா போட நேரமில்லாமல் அதே மாவைத் தட்டிப் போட்டார் என்று சொல்வார்கள். சித்தப்பாவுக்கு இந்தக் கதை உயிர். வடையைப் பாதியாக உடைத்து உள்ளே காட்டுவார். “வெங்காயம் எப்படி நீளமா அரிஞ்சிருக்கான் பாரு. பொடியா அரிஞ்சா தண்ணி விட்டுடும், மாவு நெகிழ்ந்துடும். தட்டையாத் தட்டினதால சீக்கிரம் வேகுது. அவசரத்துல வந்த புத்தி, ஆனா சரியான புத்தி.” அதன் பிறகுதான் கடிக்க விடுவார். எதையும் தின்பதற்கு முன்னாலும், பார்த்துவிட்டு நகர்வதற்கு முன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி: எப்படிச் செஞ்சிருப்பாங்க?

ஒரு வருஷம் சென்னபட்டணத்தில் இறங்கினோம். ஊர் முழுக்க மரப் பொம்மை. பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சுழல விட்டு, உளியால் செதுக்கி, உருவம் வந்ததும் வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். பிரஷ் இல்லை, டப்பா இல்லை. சுழற்சியின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு பச்சை ஓலையை வைத்துத் தேய்க்கிறார்கள். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு வருகிறது. தாழை ஓலை. சித்தப்பா அந்தப் பட்டறைக்காரரிடம் ஓலையைக் கேட்டு வாங்கி, முகர்ந்து, தன் கட்டைவிரல் நகத்தில் தேய்த்துப் பார்த்தார். இருவரும் உருதுவும் கன்னடமும் கலந்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். எனக்கு ஒரு சிவப்புப் பம்பரம் சும்மாவே கிடைத்தது.

ஸ்ரீரங்கப்பட்டணம் இன்னொரு வருஷம். ரயில் பாதை கோட்டையை ஊடறுத்துக்கொண்டு ரங்கநாதர் கோயில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே போகும். இறங்கி ஜட்கா பிடித்து தரியா தௌலத் போனோம். 1784-இல் திப்பு கட்டிய கோடை மாளிகை. தேக்குத் தூண்கள், தரை முதல் கூரைவரை வர்ணம். மேற்குச் சுவரில் ஒரு யுத்தம். 1780-இல் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை நொறுக்கிய சண்டை. நடுவே ஆங்கிலப் படை சதுரமாக நிற்கிறது. வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் குதிரைகள், ஒட்டகங்கள், வரிசை வரிசையாக ஒரே முக ஜாடையில் சிப்பாய்கள். நான் வெட்டுப்பட்ட தலைகளைப் பார்த்துப் பயந்து சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, “கால்களப் பாரு, முகத்தப் பாக்காத” என்றார். பார்த்தேன். குதிரைக் கால்கள் அலை அலையாக ஒரே தாளத்தில் போயின. பயம் போய்விட்டது.

அந்தச் சண்டை நடந்த இடம் புள்ளலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். எங்கள் ஆயா பிறந்த ஊருக்கும் அதிக தூரமில்லை. பெரியவளான பிறகு சரித்திரம் படிக்கும்போது அந்தச் சுவர் இன்னும் நெருங்கி வந்தது. 1799-இல் திப்பு விழுந்த பிறகு அதே மாளிகையில் தங்கியவர் ஆர்தர் வெல்லஸ்லி. அவர் 1803-இல் வென்ற அசாயி யுத்தத்தின் பெயரைத்தான் எங்கள் அசாயி ரோடு தாங்கியிருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பட்டாளம் கொசுவாலும் காய்ச்சலாலும் தாங்க முடியாமல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 1809-இல் கன்டோன்மென்ட் பிறந்தது. பட்டாளத்தோடு மதராஸ் பக்கத்துத் தமிழர்கள் வந்தார்கள்: சாப்பர்கள், மேஸ்திரிகள், காண்டிராக்டர்கள், சமையல்காரர்கள், வண்ணார்கள். அவர்கள் இடம் பெருகிப் பெருகித்தான் பின்னால் கலெக்டர் காக்ஸின் பெயரில் எங்கள் ஊர் வந்தது. 1947 வரை அது மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்குள்கூட இல்லை. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் நிழலில் வளர்ந்த தெருவிலிருந்து ராஜாவின் ஊருக்கு நாங்கள் படம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு இந்தத் தேதிகள் தெரியாது. ஆனால் அந்தச் சுவரின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

மைசூரில் முதலில் தோசை. நஜர்பாதில் 1938-இலிருந்து இருக்கிற மைலாரி. சின்ன இடம், நெருக்கியடித்து உட்காரவேண்டும். இலையில் வரும் தோசை மொறுமொறுப்பே இல்லாதது; மெத்தென்று, உள்ளே கொஞ்சம் பல்யா என்கிற காய்க்கறி, மேலே உருகிக்கொண்டிருக்கும் வெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. காக்ஸ் டவுனில் நாங்கள் தோசையைச் சத்தத்தை வைத்து மதிப்பிடுகிறவர்கள். முறுகலாக இல்லாவிட்டால் ஆயா திருப்பி அனுப்பும். இந்தத் தோசையோ உதட்டில் பட்டதும் கரைந்தது. சித்தப்பா கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பார். மாவு ஊற்றுகிறவர் கரண்டியை ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டுவதில்லை என்பதை எனக்குக் காட்டினார். “அதிகமாத் தேச்சா மெல்லிசாயிடும். கைய எங்க நிறுத்தறதுன்னு தெரிஞ்சிருக்கு பாரு, அதான் தொழில்.”

பிறகு ஜகன்மோகன் அரண்மனை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1861-இல் கட்டியது. பழைய மர அரண்மனை 1897-இல் தீப்பிடித்து எரிந்த பிறகு ராஜ குடும்பம் இங்கேதான் இருந்தது. 1915-இல் இது ஓவியக் கூடமாகியது. உள்ளே நுழைந்ததும் பிரெஞ்சுக் கடிகாரம். குட்டிச் சிப்பாய்கள் அணிவகுத்து மணி சொல்வதற்காகக் குழந்தைகள் கூட்டம் காத்துக் கிடக்கும். நானும் நிற்பேன். சித்தப்பா அதற்கு மட்டும் அவசரப்படுத்தமாட்டார்.

ரவிவர்மாவின் படங்கள் மேலே. எங்கள் வீட்டுக் காலண்டர் லட்சுமி இவர் வழி வந்தவள்தான் என்றாலும், அசல் எண்ணெய் வர்ணத்தின் முன்னால் நிற்பது வேறு. பதினோரு பெண்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் பெரிய படம் ஒன்று. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பிரதேசம், ஒவ்வொரு உடுப்பு. நான் அவர்களுக்கு எங்கள் தெருப் பெயர்களை வைப்பேன்: இவள் மலையாள டீச்சர், இவள் மாஸ்க் ரோட்டு அத்தை, இவள் முதலியார் வீட்டு மருமகள். சித்தப்பா ஜரிகையைப் பார்ப்பார். அருகே போனால் ஜரிகை இல்லை, மஞ்சளும் காவியும் வெள்ளையுமாகச் சில தீற்றல்கள் மட்டும். பின்னால் நகர்ந்தால் பட்டு. என்னை முன்னும் பின்னுமாக நடக்க வைத்து எந்த இடத்தில் தீற்றல் பட்டாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். அந்த இடத்தில் தரையில் ஒரு காலை ஊன்றி நிற்பது எனக்குப் பெரும் விளையாட்டு. போர்டு எழுதுகிறவருக்கு இது தொழில் விஷயம். தெருவின் எதிர்ப் பக்கத்திலிருந்து எழுத்து எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று எழுதவேண்டும்.

மைசூர்ப் பாணிப் பழைய படங்களும் அங்கே உண்டு. தஞ்சாவூர்ப் படத்தில் தங்க ரேக்குக்கு அடியில் மேடு தடித்திருக்கும், கல் பதித்திருப்பார்கள். மைசூரில் மேடு அவ்வளவு மெல்லியது. வெள்ளைப் பொடியும் மக்கி என்னும் மஞ்சள் பிசினும் பசையும் குழைத்துத் தூரிகையால் இழை இழையாக ஏற்றி, அதன்மேல் ரேக்கு. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் நகையின் விளிம்பு எழும்பும். எனக்குத் தஞ்சாவூர் ஜொலிப்பைவிட இந்த அடக்கம் பிடித்தது. இன்றும் அப்படித்தான்.

ஆனால் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் விளக்கேந்திய பெண்ணிடம் போவோம். இருட்டிய சின்ன இடத்தில் அவள் தனியாக இருப்பாள். ஒரு கையில் குத்துவிளக்கு, மறு கை சுடரை மறைக்கிறது. விரல் இடுக்குகளில் ரத்தம் சிவந்து தெரிகிறது. முகத்தில் பொன் வெளிச்சம். ரவிவர்மா வரைந்தது என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வரைந்தவர் எஸ்.எல். ஹல்தங்கர், 1945–46-இல், விளக்கோடு நின்றவள் அவருடைய மகள் கீதா. எண்ணெய் வர்ணம்கூட அல்ல, வாட்டர் கலர்.

அது வாட்டர் கலர் என்று காவலாளி சொன்ன நாளில் சித்தப்பா நடுங்கிப் போனார். என்னை ஓரமாக அழைத்துப்போய் விளக்கினார். அவருடைய எனாமல் பெயின்டில் தப்பு வந்தால் துடைக்கலாம், காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு கொடுக்கலாம். வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது மிச்சம் விட்ட காகிதம். இருட்டை நிரப்பிக்கொண்டே வந்து, சுடர் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் தொடாமல் விடவேண்டும். ஒரு சொட்டுத் தவறி விழுந்தால் போச்சு. “அந்தப் பொண்ணு மூஞ்சில இருக்கற வெளிச்சம் அவர் போட்டதில்ல பாப்பா. போடாம விட்டது.” திரும்பவும் உள்ளே போய், கூட்டம் கலையும்வரை நின்றோம்.

வெளியே வந்தால் கண் கூசும், வயிறு கூப்பிடும். தேவராஜ மார்க்கெட்டில் குங்குமமும் ரங்கோலிப் பொடியும் கோபுரம் கோபுரமாகக் குவித்திருப்பார்கள். அந்த நிறங்களை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது என்று சித்தப்பா ஏக்கத்தோடு சொல்வார். மல்லிகைச் சந்து, வெற்றிலைக் கட்டு, நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழம். அந்தப் பழத்தை அங்கேயே உரித்துத் தின்றுவிடவேண்டும். பிறகு சயாஜி ராவ் ரோட்டில் குரு ஸ்வீட் மார்ட். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாதான் மைசூர் பாக்கை முதலில் செய்தவர். அவருடைய வம்சத்தார் நடத்துகிற கடை. கடலை மாவு, சர்க்கரை, நெய், வேறொன்றும் இல்லை. கால் கிலோ பொட்டலம் ஆயாவுக்கு, ஒரு துண்டு எனக்கு, கையோடு.

சந்துக்குள் இன்னொரு மிட்டாய்க் கடையின் பின்கட்டில் அது தயாராவதைப் பார்க்க ஒருமுறை வாய்த்தது. கம்பிப் பதப் பாகில் மாவு தூவிக் கிளறுகிறார். காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார். ஒவ்வொரு கரண்டிக்கும் சீறிப் பொங்கி நுரைத்துக் கண் கண்ணாகத் திறக்கிறது. தட்டில் கொட்டிய பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும் என்றார். மேலும் கீழும் ஆறிவிட, நடுவில் மட்டும் சூடு நின்று நிறம் கறுக்கும். வெட்டினால் மூன்று பட்டை: இளமஞ்சள், பழுப்பு, இளமஞ்சள். சித்தப்பா துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வீலர் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு அவர் எழுதிய பலகையில் ஒவ்வொரு எழுத்தும் ஓரத்தில் இளமஞ்சளும் நடுவில் பழுப்புமாக இருந்தது. கடைக்காரர் அது என்ன டிசைன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பின்கட்டைப் பார்த்த அன்று ராத்திரி வீடு சேர்ந்ததும் ஆயா பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டு, நெய் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்கட்டில் பார்த்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னது. பாகு என்ன பதம்? நெய் சுட்டுதா, வெதுவெதுப்பா? எத்தனை கரண்டி? எப்போது நிறுத்தினான்? மறுநாள் அடுப்பில் வாணலி ஏறியது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி, மாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் சமையல்கட்டு வாசலில். நெய் சீறும்போதெல்லாம் ஆயா என்னைத் திரும்பிப் பார்க்கும், நான் “இன்னும், இன்னும்” என்பேன். வெட்டியபோது நடுப்பட்டை வந்திருந்தது. சரியாக வரவில்லை, ஓரமாகக் கோணிக்கொண்டு வந்தது. ஆனால் வந்திருந்தது. சித்தப்பா ஒரு துண்டை எடுத்துத் தன் வேலைப் பைக்குள், பிரஷ்களுக்கும் எனாமல் டப்பாவுக்கும் நடுவில், காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு, ஜீவனஹள்ளியில் காத்திருந்த ஒரு சலூன் போர்டுக்குக் கிளம்பிப் போனார்.