பல்லாவரம் பெஞ்ச்சும் ஒரு பாக்கிப் பந்தும்

பல்லாவரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள்.

ஒன்று, பழைய டிரங்க் ரோட்டில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை. புறா, நாய்க்குட்டி, ரோஜாச் செடி, மூன்று கால் நாற்காலி, ரிமோட் மட்டும் தனியாக, டி.வி. மட்டும் தனியாக... எல்லாம் கிடைக்கும். இரண்டு, 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் இங்கே குனிந்து எடுத்த கல். சாதாரணக் கல் இல்லை, ஆதி மனிதன் செதுக்கிய கருவி என்று அவர் சொல்ல, இந்திய சரித்திரத்தின் தொடக்கம் பல ஆயிரம் வருஷம் பின்னால் போயிற்று. மூன்று, தலைக்கு மேலே போகும் விமானம். அடுத்த ஸ்டேஷன் திரிசூலம், எதிரே ஏர்போர்ட். விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடருவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம்.

நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டீக்கடை பெஞ்ச்.

2021-ல் பல்லாவரம், தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. பெஞ்ச் எந்த மாநகராட்சிக்கும் கட்டுப்பட்டதில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல், எலெக்ட்ரிக் ட்ரெயினில் கசங்கி வந்து இறங்கும் ஆபீஸ் ஆசாமிகள் வீட்டுக்குப் போகுமுன் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து மனிதர்களாக மாறுவார்கள். சப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான். கிரிக்கெட்!

போன வாரம் போனபோது சூடான வழக்கு இது: இந்தியாவுக்காக டெஸ்டில் அடிக்கப்பட்ட முச்சதங்கள் மொத்தமே மூன்று. அதில் இரண்டு நம்ம சேப்பாக்கத்தில். 2008-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 319. 2016-ல் இங்கிலாந்துக்கு எதிராக கருண் நாயர் அவுட் ஆகாமல் 303. எது பெரிசு?

"சேவாக் 278 பந்துல முந்நூறு போட்டான் சார். அது பேட்டிங்கா, கொள்ளையா?"

"நாயருக்கு அது மூணாவது டெஸ்ட்டுங்க. முந்நூறு அடிச்சவனை அடுத்த மேட்ச்ல உட்கார வெச்சாங்களே, உங்க ஆபீஸ்ல டார்கெட் முடிச்சவனுக்கு லீவு லெட்டரா கொடுப்பாங்க?"

"எங்க ஆபீஸ்ல அதான் கொடுப்பாங்க!"

விமானம் போயிற்று. எல்லோரும் நிறுத்தினார்கள். பெஞ்ச்சின் ஓரத்தில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். கூட்டம் கப்சிப். அவர்தான் லெட்ஜர் மாமா.

நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். தோல் பதனிடுகிற குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை என்று பேரே வந்த வட்டாரம் எங்களுடையது. லெதர் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவர் வாய்க்கணக்கைப் பார்த்து அது லெட்ஜர் மாமா ஆகிவிட்டது. என் அப்பாவின் சிநேகிதர். சிநேகிதர் என்று சொல்வதா, எதிர்க்கட்சி என்று சொல்வதா என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

இரண்டு பேரும் கட்சி பிரிந்தது 1986-ல். நான் பிறப்பதற்கு முன்னால்.

செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட்டின் கடைசி நாள். மாமா கம்பெனிக்குக் 'காய்ச்சல்' சொல்லிவிட்டு கேலரியில் இருந்தார். அப்பா சைதாப்பேட்டை ஆபீஸில், மேஜை இழுப்பறைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு, ஏதோ ஃபைல் தேடுகிற பாவனையில் தலையை உள்ளே விட்டிருந்தார்.

இந்தியா ஜெயிக்க 348. கடைசி ஓவரில் வேண்டியது நாலு ரன், கையில் ஒரே விக்கெட். முதல் மூன்று பந்தில் ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்துவிட்டார். ஸ்கோர் சமம். மணிந்தர் சிங்குக்கு மூன்று பந்து, ஒரே ஒரு ரன் வேண்டும். நாலாவது பந்து ஒன்றுமில்லை. ஐந்தாவது பந்து, கிரெக் மாத்யூஸ் வீச, காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். மேட்ச் டை! 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம் டெஸ்ட் சரித்திரத்திலேயே இரண்டாவது டை.

"பேட்டுல பட்டுது" என்றார் அப்பா. "ரேடியோவுல டக்குன்னு சத்தம் கேட்டுது."

"நான் நேர்ல பார்த்தேன்யா. படலை!"

நேரில் இருந்தவர் காணவில்லை என்கிறார். ரேடியோவில் இருந்தவர் கேட்டேன் என்கிறார். பிற்பாடு மணிந்தரே பேட்டில் பட்டது என்று சொல்லியிருக்கிறார். அம்பயர் சாகும்வரை தன் தீர்ப்பே சரி என்பார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் நின்ற கடைசி டெஸ்ட் அதுதான். "பாத்தியா, எனக்கு சாட்சி பேட்ஸ்மேனே!" என்பார் அப்பா. "எந்தக் குத்தவாளிதான் ஒத்துக்குவான்?" என்பார் மாமா.

இன்றைக்கு அந்த டை மேட்ச்சை நேரில் பார்த்தேன் என்று சொல்பவர்களை எல்லாம் சேர்த்தால் சேப்பாக்கம் மாதிரி மூன்று ஸ்டேடியம் வேண்டும். அமெரிக்காவில் இந்தப் புளுகு செல்லாது. 1981-ல் அங்கே பாட்டக்கெட் என்ற ஊரில் ஒரு பேஸ்பால் மேட்ச். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, டை ஆகி டை ஆகி, விடிகாலை நாலு மணிக்கு 32 இன்னிங்ஸில் நிறுத்தினார்கள். அப்புறம் ஜூனில் கூடி 33-வது இன்னிங்ஸில் முடித்தார்கள். அந்த விடிகாலையில் மிச்சம் இருந்த ரசிகர்கள் எண்ணிப் பத்தொன்பது பேர். "அந்தப் பத்தொன்பது பேர்ல ரெண்டு பேர் நிச்சயம் பல்லாவரத்துக்காரனா இருப்பான்" என்பது மாமாவின் அபிப்பிராயம்.

அடுத்த வருஷம், 1987 அக்டோபர் 9. உலகக் கோப்பை. அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா. இந்த முறை அப்பாவுக்கும் 'காய்ச்சல்'. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஷாட்டை முதலில் ஃபோர் என்றார்கள். இடைவேளையில், அது சிக்ஸர்தான் என்று பேசி, கபில்தேவும் பெருந்தன்மையாகச் சம்மதிக்க, 268 என்பது 270 ஆயிற்று. இந்தியா 269-க்கு ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி! கடைசியில் அவுட் ஆனது யார்? அதே மணிந்தர். எந்தப் பந்தில்? கடைசி ஓவர், ஐந்தாவது பந்து!

அப்பாவுக்கு இது ஒரு தத்துவமாகவே ஆகிவிட்டது. "ரெண்டு மேட்ச்லயும் ஒரு பந்து பாக்கி நிக்குதுடா. அந்த ஆறாவது பந்தை யாருமே போடலை" என்பார். மின்சார பில் கட்டக் கடைசி தேதிக்கு முதல் நாள் அம்மா நினைவுபடுத்தினால்கூட, "இன்னும் ஒரு பந்து பாக்கி இருக்கு" என்பார்.

*

நிஜமான சண்டை 1999-ல் வந்தது. அதற்கு நான் சாட்சி. வயது பதினொன்று.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாவது நாள். அப்பா, மாமா, நான் மூன்று பேரும் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கம் போனோம். டிபன் பாக்ஸில் புளிசாதம்.

வேண்டியது 271. 82-க்கு ஐந்து விக்கெட் போயாச்சு. அப்புறம் சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். சச்சினுக்கு முதுகு வலி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்புறம் குனிந்து நிற்கிறார். மோங்கியா போன பிறகும் சச்சின் நிற்கிறார். இன்னும் 17 ரன்தான். சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். 136 ரன். 254-க்கு ஏழு. அடுத்த மூன்று விக்கெட் நாலே நாலு ரன்னுக்குள் காலி. 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் என் மூச்சு எனக்கே கேட்டது. அப்புறம் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். பாகிஸ்தான் டீம் மைதானத்தைச் சுற்றி ஓடி வர, கேலரி மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. அப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் தட்டினார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த கடைசிக் காரியம் அது.

திரும்பும் ரயிலில், எழும்பூரில் ஆரம்பித்தது.

"அந்த ஷாட் தேவையா? இன்னும் முழுசா ஒரு நாள் பாக்கி இருக்கே! ஒண்ணு, ரெண்டுன்னு ஓடி எடுத்தா ஆகாதா?" இது அப்பா.

நுங்கம்பாக்கத்தில் மாமா: "முதுகு ஒடிஞ்சவனை ஓடச் சொல்றியே, மனுஷனாய்யா நீ? மீதி மூணு பேர் பதினேழு ரன் எடுக்கக் கூடாதா?"

மாம்பலத்தில் ஏறியவர்கள் கட்சி பிரிந்து உட்கார்ந்தார்கள். சைதாப்பேட்டையில் சத்தம் ஏறியது. கிண்டியில் அப்பா வாயிலிருந்து அது வந்துவிட்டது:

"உனக்கென்னய்யா தெரியும்? அடுத்தவன் கணக்கை எழுதியே பழக்கம். சொந்தக் கணக்கு எங்கே போட்டே?"

மாமா அந்த வருஷம்தான் தங்கைக்காக வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு வந்திருந்தார். அப்பாவுக்கும் அது தெரியும். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம்... நாலு ஸ்டேஷன் யாரும் பேசவில்லை. பல்லாவரத்தில் மாமா இறங்கி, என் தலையை ஒரு தடவு தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதோடு பேச்சு நின்றது. டீக்கடையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. ஒரே பெஞ்ச், இரண்டு ஓரம், நடுவில் தினத்தந்தி. டீ மாஸ்டர்தான் ஐ.நா. சபை.

"மாஸ்டர், சேவாக்குக்கு ஃபுட்வொர்க்கே இல்லேன்னு சில பேர் சொல்றாங்களாமே?"

"சொல்றவங்களுக்கு மூளை இல்லேன்னு சொல்லு மாஸ்டர்!"

இப்படி எட்டு வருஷம். இரண்டு பேருக்கும் மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வரும். ஒரு விமானம் போகும். வார்த்தை உள்ளே போய்விடும்.

2007-ல் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. ராத்திரி முழுக்க மாமா எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

2008 டிசம்பர் 15. நான் பி.காம். கடைசி வருஷம். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போய்விட்ட இங்கிலாந்து டீம் திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஆடியது. இந்தியாவுக்கு இலக்கு 387. அந்த அளவு நாலாவது இன்னிங்ஸில் துரத்தி இந்திய மண்ணில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. முந்தின நாள் சாயங்காலம் சேவாக் 68 பந்தில் 83 அடித்து வழி போட்டிருந்தார். கடைசி நாள் சச்சினும் யுவராஜும் நின்றார்கள். ஸ்வான் பந்தை சச்சின் தட்டிவிட்ட ஃபோரில் ஜெயமும் சதமும் ஒன்றாக வந்தன. நாட் அவுட் 103.

பத்து நிமிஷத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மாமா!

நேராக உள்ளே வந்து, மாலை போட்ட அப்பா படத்துக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். படத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னிக்கு 136-ல பதினெட்டு ஃபோர். இன்னிக்கு 103-ல ஒன்பதே ஃபோர். முப்பத்தாறு போக அறுபத்தேழு ரன் ஓடி எடுத்திருக்கான்யா. ஒண்ணு, ரெண்டுன்னு... நீ சொன்னபடியே ஆடி ஜெயிச்சுட்டான். உன் கணக்கு சரி. ஒத்துக்கறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அப்பாவுக்காக யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் வந்தது இதுதான்:

"மாமா, இன்னிக்கு அவருக்கு முதுகு வலி இல்லையே. அன்னிக்கு இருந்துதே. நீங்க சொன்னதும் சரிதான். அப்புறம்... அப்பா கிண்டியில சொன்னது தப்பு."

மாமா என்னை வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"முதுகு வலி இருந்தா என்னடா? இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்துதே! ஓடக் கூடாதா?"

மாமா கட்சி மாறிவிட்டார்! அப்பா இடத்தில் அவர், அவர் இடத்தில் நான். அன்று ராத்திரி பெஞ்ச்சில் ஒன்பது மணி வரை வாக்குவாதம். டீ மாஸ்டர் தினத்தந்தியை நடுவிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

*

போன வாரம் சேவாக்கா, நாயரா வழக்குக்கு மாமா தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம். கணக்கு மட்டும் மந்தம் இல்லை.

"சேவாக் என்ன அடிச்சான், நாயர் என்ன அடிச்சான்றது நோட்டுல இருக்கு. அதுக்கு நாம எதுக்கு? நோட்டுல இல்லாததைப் பேசத்தான்டா இந்த பெஞ்ச்."

இளைஞர்கள் விழித்தார்கள். எனக்கு விளங்கியது.

ஏழரை மணி ஆகிவிட்டது. வீட்டிலிருந்து இரண்டு மிஸ்டு கால். எழுந்தேன்.

"மாமா, கிளம்பறேன். நாளைக்குப் பேசலாம்."

"எங்கேடா ஓடறே? உக்காரு. இன்னும் ஒரு பந்து பாக்கி இருக்கு" என்றார் மாமா.

தலைக்கு மேலே விமானம். எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம்.