கேளாமல் செய்த உடன்படிக்கை



கிபியோனியர் கிழிந்த துருத்திகளையும் பூசணம் பூத்த அப்பத்தையும் காட்டி, தங்களைத் தூரதேசத்தார் என்று யோசுவாவை நம்பவைத்தார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் கர்த்தரிடம் கேளாமலே உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது. கொடுத்த வாக்கையோ திரும்பப் பெற இயலவில்லை.

இன்று அதே வஞ்சகம் காவலர் சீருடையிலும் நீதிமன்ற முத்திரையிலும் வாட்ஸ்அப் காணொளியாக வருகிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. வழக்கை முடிக்க எந்தக் காவலரும் உங்கள் சேமிப்பை மாற்றி அனுப்பச் சொல்வதில்லை. திருத்தணியில் நாம் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். அழைப்பவரும் நம் மொழியிலேயே பேசக்கூடும். “யாரிடமும் சொல்லாதே” என்று அவர் மிரட்டினால், அதையே எச்சரிப்பாகக் கொண்டு அழைப்பைத் துண்டியுங்கள். அருகிலுள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் வெளியூரிலிருக்கும் முதியோரின் இல்லங்களைச் சந்திக்கையில், 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவருகிறேன். பணம் பறிபோனால் உடனே அதை அழையுங்கள். விரைந்து சொன்னால் வங்கியில் அதைத் தடுத்துவைக்க வாய்ப்புண்டு.

வாலிபரே, ஏமாந்த பெற்றோரைக் கடிந்துகொள்ளாதிருங்கள். உங்கள் கோபத்துக்கு அஞ்சியே பலர் மௌனமாயிருக்கிறார்கள். அந்த மௌனத்தில் கடந்துபோகும் ஒவ்வொரு மணி நேரமும் வஞ்சகனுக்கே ஆதாயம்.