மணலில் விளைந்த சிவப்பு

சிலாவத்துறை என்றாலே முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். நாம் சென்றதோ சாயவேரை எண்ணி. இம்பூறல் எனவும் வழங்கும் அப்பூண்டு மன்னார்க் கரை மணலில் தானே முளைப்பது. செடி சிறிது, வேரோ நீளம். சிவப்பு அவ்வேரின் பட்டையில் உறைகிறது.

வேர்நீரில் துணியை வெறுமே தோய்த்தால் நிறம் நில்லாது. மர அச்சால் படிகாரம் பதித்துக் கொதிக்கவைத்தால், பதித்த இடம் மட்டும் சிவக்கும். இரும்புக் கரைசல் பதித்த இடம் கறுக்கும். சலவைக்கும் அஞ்சாது! எகிப்தின் புஸ்தாத் நகரில் அகழ்ந்தெடுத்த இடைக்காலக் குஜராத்துத் துணிகளிலும் இந்நுட்பம் உண்டு.

1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சோழமண்டலத் துணிகளுக்காக இவ்வேரைத் திரட்டினர். தோண்டியோர் வேர்குத்திகள். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகையின் இடிபாடு அருகே நிற்கிறது. வேர்குத்திகளுக்கு ஒரு கல்லையும் நாம் கண்டோமில்லை.

1868இல் செருமானிய வேதியியலார், வேரிலுள்ள அலிசரின் என்னும் அச்சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிவிட்டனர்.