மூக்கே துணை!

காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமா? பொழுது புலரும் முன்பே புறப்பட்டு விடுங்கள். சென்னையின் ராயபுரத்தைத் தாண்டியதுமே 'குப்'பென்று ஒரு வாடை உங்களை வரவேற்கும். உடனே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளாதீர்கள், அம்மா! அங்கே உங்களுக்கு வழிகாட்டப் போவது அந்த மூக்குத்தான்.

வாசலில் வீசும் வாடையைக் கொண்டு மீனை எடை போட்டுவிடக் கூடாது. தேங்கிய தண்ணீர், காலிக் கூடை, நேற்றைய செதில் இவற்றின் கைங்கரியம் அது. மீனுக்கு அருகில் குனிந்து முகர்ந்து பாருங்கள். புது மீனில் மீன் நாற்றமே இராது. கடற்காற்றின் உப்பு மணமும் லேசான பாசி வாசனையுந்தான் இருக்கும்.

பின் நாற்றம் எங்கிருந்து வருகிறது? கடல் மீனின் சதையில் மணமற்ற ஒரு பொருள் உண்டு. மீன் செத்த பிறகு நுண்கிருமிகள் அதை டிரைமெதிலமைன் என்ற பொருளாக மாற்றுகின்றன. நாறுவது அதுதான். நம் பாட்டிமார் புளியைக் கரைத்து ஊற்றிய ரகசியமும் இதுவே: புளிப்பு அந்தப் பொருளைக் கட்டிப்போட்டு விடுகிறது. ஆனால் அடங்குவது நாற்றந்தான். கெட்ட மீன் நல்ல மீனாகி விடாது!

பிள்ளை பெற்ற மகளுக்குப் புட்டு செய்யப் பால் சுறா தேடுகிறீர்களா? இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சுறாவின் உடம்பில் இயற்கையாகவே யூரியா அதிகம். நேரமாக ஆக அது அம்மோனியாவாகிக் கண்ணைக் கரிக்கும். கரித்தால் நின்று பேரம் பேசாதீர்கள். அடுத்த கூடைக்குப் போய்விடுங்கள்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அந்நாட்களில் பெரிய மீன் பலவும் வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் பிரயாணம் செய்து வருபவை. "இப்பத்தான் கரை ஏறிச்சும்மா!" என்ற பேச்சை நம்பிவிட வேண்டாம்.

சரி, வாடையே இல்லாவிட்டால்? அப்போதும் முழுதாக நம்பக் கூடாது. 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. பிணம் கெடாமலிருக்கப் பயன்படும் சரக்கு அது! கண் குழிந்து, செவுள் வெளிறிய மீனில் வாசனை மட்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஆகவே மூக்கு சொல்வதற்குக் கண்ணும் விரலும் சாட்சி சொல்ல வேண்டும். செவுள் சிவந்திருக்கட்டும், கண் பளிச்சென்று புடைத்திருக்கட்டும், அழுத்திய இடம் உடனே எழும்பட்டும். மூன்றும் ஒத்துப்போனால் விலை கேட்கலாம். அதற்குமேல் பேரம் பேச உங்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?