இழுக்கத் தெரிந்தவருக்கு எதற்குச் சங்கிலி?

நடக்கும்போது நாய் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று செல்லப்பிராணிக் கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் ஒரு சோக் செயின் கைக்கு வந்துவிடும். இரு முனையிலும் வளையம் வைத்த இரும்புச் சங்கிலி, அவ்வளவுதான். ஒரு வளையத்துக்குள் சங்கிலியையே மடித்து இறக்கினால் சுருக்கு உண்டாகிறது. மற்ற வளையத்தில் கைவாரைக் கோத்துக்கொள்ள வேண்டும். இதை மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. நாய் நம் இடப்பக்கம் நடப்பதாக இருந்தால், அதன் முகத்துக்கு நேரே நின்று மாட்டும்போது சுருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து ‘பி’யைப் போலத் தெரிய வேண்டும். அப்போதுதான் இழுவை நின்றதும் சங்கிலி தானாகத் தளரும். இடம் வலம் மாறி 9 போல அமைந்துவிட்டால், இறுகியது இறுகியபடியே நிற்கும். காலை வாக்கிங்கில் எதிர்ப்படும் கழுத்துகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், 9கள் தாராளமாகக் கிடைக்கும்.

சரியாக மாட்டிவிட்டாலும் பாதி வேலைகூட முடியவில்லை. ஜெர்மானியப் போலீஸ் நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு, அமெரிக்கப் பயிற்சியாளர் வில்லியம் கேலர் 1962இல் எழுதிய புத்தகம் என்று இந்த வழிமுறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: நாய் தவறுகிற கணத்திலேயே வெடுக்கென்று ஒரு இழுப்பு, உடனே தளர்வு. கணம் தவறினால் பாடமும் மாறிவிடும். எதிரே ஒரு சைக்கிள் வருகிறது. நாய் முன்னால் பாய்ந்து குரைக்கிறது, பிறகு தானாகவே திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் சுதாரித்துச் சங்கிலியைச் சுண்டினால், நாய் படித்துக்கொள்வது என்ன? எஜமானரைத் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பதை. இல்லையென்றால், சைக்கிள் வந்தாலே வலி வரும் என்பதை. இரண்டாவது பாடத்தைப் படித்த நாய் அடுத்த சைக்கிளை இன்னும் ஆக்ரோஷமாகத்தான் எதிர்கொள்ளும்.

இது வெறும் ஊகம் இல்லை. ஜெர்மனியின் ஹனோவரில் பீகிள் நாய்களுக்கு ஷாக் காலர், அதாவது மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, மாட்டிச் செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ஓடும் முயல் பொம்மையைத் தொட்ட நொடியிலேயே அதிர்ச்சி வாங்கிய நாய்களிடம் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அதிகம் ஏறவில்லை. எதற்கென்றே புரியாமல் கண்டபடி வாங்கியவற்றிடம் அது மிகவும் ஏறியிருந்தது. இத்தகைய கருவிகளை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வைத் தங்களுக்குச் சாட்சியாக அழைப்பார்கள்: பார்த்தீர்களா, சரியாகப் பயன்படுத்தினால் கொடுமை இல்லை! எனக்கென்னவோ அது எதிர்த்தரப்புச் சாட்சியாகவே படுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர் தவறாமல் பிடிக்கிற கணத்தை, ஒரு கையில் போனும் மறுகையில் நாயுமாக நடக்கிறவர் எப்படிப் பிடிப்பார்?

அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டுமானால் நாய் பாய்வதற்கு முன்பே அது பாயப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காது முன்னால் மடங்குவது, திறந்திருந்த வாய் சட்டென்று மூடுவது, உடல் எடை முன்னங்கால்களுக்கு நகர்வது ஆகியவை கண்ணில் பட வேண்டும். இவ்வளவும் பார்க்கத் தெரிந்தவருக்கு அதே கணத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிய நாயின் வாயில் ஒரு துண்டுக் கோழிக்கறி வைக்கவும் முடியும். ஆக, இந்தக் கருவியைச் சரியாகக் கையாளும் திறமை உள்ளவருக்கு அது தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவருக்கோ அந்தத் திறமை இல்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. கூப்பிட்டால் வராத, ஆடுமாடுகளைத் துரத்துகிற 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஷாக் காலர் குழுவைப் பழக்கியவர்கள் ஏனோதானோ ஆட்கள் இல்லை. அந்தப் பட்டைகளைத் தயாரிப்போரின் சங்கமே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள். அப்படியிருந்தும், வெகுமதி கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட அந்த நாய்கள் எதிலும் மிஞ்சவில்லை. வெகுமதி நாய்கள்தான் குறைந்த அழைப்பில், விரைவாகச் சொன்னதைக் கேட்டன.

“ஆனால் பலன் தெரிகிறதே” என்பார்கள். தெரியும், சந்தேகமில்லை. சுண்டிய உடனே நாய் நிற்கிறது. அந்த உடனடிப் பலன் சுண்டியவருக்குக் கிடைக்கும் பரிசு. அதனால் அவர் மறுபடி சுண்டுகிறார், நாளாக ஆக இன்னும் பலமாக. இந்த ஏற்பாட்டில் நன்றாகப் பழகிவிடுவது மனிதர்தான். “நாய்க் கழுத்து கெட்டியானது” என்பதும் சரியில்லை. மூச்சுக்குழல், தைராய்டு, பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன; மேல்தோலோ நம்முடையதைவிட மெல்லியது. கழுத்துப்பட்டை மாட்டிய நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் அப்படிக் கூடாததையும் 2006இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். சாதாரண பட்டைக்கே இந்தக் கதி. அடுத்தது, “ஓநாய்க் கூட்டம்போல நாமும் தலைவன் யாரென்று காட்ட வேண்டும்” என்கிற வாதம். அடைத்து வளர்த்த ஓநாய்களை வைத்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து பரவிய கருத்து இது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று, அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக்கே 1999இல் திருத்தி எழுதிவிட்டார். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் சிலருக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு ஆட்சேபம் மட்டும் கனமானது. அறுபது கிலோ எடையுள்ள பாட்டி முப்பத்தைந்து கிலோ லாப்ரடாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாய் ஒருமுறை பாய்ந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இந்தப் பயம் நியாயமானது, அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் சோக் செயின் பாட்டிக்குப் பலம் எதுவும் தருவதில்லை. மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் என்றால், நாய் முன்னால் பாயும்போது அதன் உடலே பக்கவாட்டில் திரும்பிவிடும், பாய்ச்சலின் வேகமும் பாதியில் அடங்கும். நாய் பழகும்வரை வேறு யாராவது நடத்திக்கொண்டு போகலாம் என்பதும் ஒரு யோசனைதான், வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால்.

வேல்ஸ் நாடு 2010இலேயே ஷாக் காலரைத் தடை செய்துவிட்டது. நம்முடைய 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. பயிற்சிப் பட்டைகளின் பெயரை அது எடுக்கவில்லை. ஆகவே முடிவு இப்போதைக்கு வளர்ப்பவர் கையில். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வான சாதாரண பட்டை ஒன்று, உங்கள் போன் எண்ணோடு, நாயின் கழுத்தில் இருக்கட்டும். கைவாரை ஹார்னஸில் மாட்டுங்கள். பயிற்சியாளர் வந்து பையிலிருந்து சங்கிலியை எடுத்தால், எந்தக் கணத்தில் இழுப்பீர்கள், அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரிந்தவராக இருந்தால், சங்கிலியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.