பெயரைவிட மூத்த புரதம்

உயிரியல் பயிலும் நான், ஒவ்வோர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் இணையான தமிழ்ச்சொல்லைத் தேடிப் பார்ப்பதுண்டு. ஹார்மோன் என்றால் இயக்குநீர். ரிசெப்டர் என்றால் ஏற்பி. இரண்டும் பொருள் பொதிந்த சொற்கள். ஆயினும், ஒரு புரதத்திற்கு மட்டும் அவற்றைச் சூட்ட என் மனம் இடம் தரவில்லை.

அதுதான் பிஜிஆர்எம்சி1. புரோஜெஸ்டெரோன் என்பது கருப்பையைக் கருவுறுதலுக்கு ஆயத்தப்படுத்தும் இயக்குநீர். அதனைப் பற்றும் புரதத்தைத் தேடிய ஜெர்மானிய ஆய்வாளர்கள், 1996ஆம் ஆண்டில் பன்றியின் கல்லீரல் சவ்வுகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 'புரோஜெஸ்டெரோன் ஏற்பியின் சவ்வுக் கூறு' என்னும் பெயரும் நிலைத்துவிட்டது.

ஆனால், மனிதரிடம் 195 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம், உட்கருவில் செயல்படும் வழக்கமான புரோஜெஸ்டெரோன் ஏற்பியை ஒத்ததன்று. இதன் அமைப்பு சைட்டோகுரோம் பி5 என்னும் புரதத்தையே நினைவூட்டுகிறது. குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தை இது பற்றிக்கொள்கிறது. புரோஜெஸ்டெரோனை இது நேரடியாகப் பற்றுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டைப் பாருங்கள். கருப்பையோ கருவோ இல்லாத ஒற்றை உயிரணு அது. அதனிடமும் டாப்1 என்னும் உறவுப் புரதம் இருக்கிறது. எர்கோஸ்டெராலை உருவாக்கும் நொதி ஒன்றுக்கு அது துணைநிற்கிறது. நம் உயிரணுக்களில் கொலஸ்டிரால் உருவாகும் பாதையிலுள்ள இணையான நொதியோடு பிஜிஆர்எம்சி1 சேர்கிறது. தாவரங்களிலும் இக்குடும்பம் உண்டு. புரோஜெஸ்டெரோனே கொலஸ்டிராலிலிருந்துதான் உண்டாகிறது என்பதையும் எண்ணினால், எந்த வேலை மூத்தது என்பது விளங்கும்.

பெயர் காட்டிய திசையிலேயே நின்றிருந்தால் மற்றொன்றும் தெரியாமல் போயிருக்கும். இப்புரதத்தின் இரு மூலக்கூறுகள், தம் ஹீம்களை ஒன்றோடொன்று பொருத்தி இணையாகின்றன என்று 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அந்த இணை, வளர்ச்சிக் காரணி ஏற்பி ஒன்றோடு சேர்ந்து புற்றுநோய் உயிரணுக்கள் பெருகத் துணைபோகிறது. ஆகவே, இந்த இணைப்பைத் தடுப்பது மருத்துவ ஆய்வுக்கு ஒரு வழியாகிறது.

ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால், அதிலுள்ள ஐயத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவோம். 'ஹீம் தாங்கும் சவ்வுப் புரதம்' என்பது என் பரிந்துரை. இதனினும் நல்ல சொல் கிடைக்கலாம். கலைச்சொல் ஆக்க விழையும் நண்பர்கள் அகராதியைப் புரட்டுவதோடு நில்லாமல், அப்பொருள் என்ன வேலை செய்கிறது என்று அறிவியல் மாணவர்களையும் கேளுங்கள். சேர்ந்தே சொல் தேடுவோம்.