எட்டாத சுரம்



2020 ஊரடங்கில் பாடகர் குழுவினர் அவரவர் வீட்டிலிருந்தே பாடிப் பதிவுசெய்து அனுப்பினர். அடையாற்றில் பதிவான ஆர்கன் இசையைக் காதில் கேட்டபடி, மயிலாப்பூரில் டெனர் பாடிய பெரியவர் மேல் சுரத்தை எட்ட இயலாமல் தவித்தார். "ஐயா, என் குரல் போய்விட்டது, என்னை விட்டுவிடுங்கள்" என்றார். வயதாகிவிட்டது என்றே நானும் எண்ணினேன். ஓசையின்றி ஜெபித்த அன்னாளைக் குடித்தவள் என்று கருதிய ஆசாரியன் ஏலியும் நானும் ஒன்றே.

பிழையைக் கண்டவன் அவர் பேரன். இசை பதிவான சாம்பிள் ரேட் நொடிக்கு 44,100. பெரியவரின் ஆடியோ இன்டர்ஃபேஸோ அதை 48,000 என்ற கணக்கில் ஒலித்தது. ஆகவே சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை உயர்ந்து, தாளமும் விரைந்தோடியது. இன்டர்ஃபேஸை 44,100க்கு மாற்றியதும் சுரம் எட்டியது.

மன்னிப்புக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். "அடுத்த ஞாயிறு எந்தக் கீர்த்தனை, ஐயா?" என்றார்.